பிளாஸ்டரில் தெரியாதது

சேசு மரி சூசை

கோயம்புத்தூர்
12.6.2024

அன்புள்ள அக்கா அருளம்மாளுக்குத் தம்பி இருதயநாதன் எழுதுவது. இங்கே நான் ஒற்றை ஆளாக இருந்தாலும் சுகமாக இருக்கிறேன். அங்கே நீயும் மருமகள் மெர்லினும் பிள்ளைகளும் சுகமா? கத்தாரிலிருந்து மகன் மெல்வின் பேசுகிறானா?

இத்துடன் வரும் டப்பாவில் உன் பல் செட்டு இருக்கிறது. திருவிழாவுக்கு வந்தபோது உன் அடுப்படியில் உட்கார்ந்து, சோற்றுக் கிண்ணத்தில் மாவு கலக்கி உன் வாயை அச்சு எடுத்தேன் அல்லவா, அதை வைத்து நானே செய்தது. லேப்பில் வேறு யார் கையும் இதில் படவில்லை. முப்பத்தொரு வருஷமாக யார் யாருக்கோ பல் செய்கிறேன். இன்னாருக்கு என்று தெரிந்து செய்தது இதுதான் முதல்.

போடும் முறையைக் கவனமாகப் படி. உனக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் இல்லை, நடுவில் எட்டுப் பல் நிற்கிறது. செட்டில் உள்ள இரண்டு கம்பிக் கொக்கிகளும் அந்த எட்டில் ஓரத்துப் பற்களைக் கட்டிப் பிடிக்கும். கொக்கியை ஒட்டிய சின்னக் கம்பி பல்லின் தலைமேல் ஏறி உட்காரும். அது சரியாக உட்கார்ந்தால்தான் நீ கடிக்கிற கனம் பல்லுக்குப் போகும். பின்பக்கம் பிடிக்கப் பல் கிடையாது, அங்கே ஈறுதான் தாங்க வேண்டும். ஒரு முனையைச் சுவரிலும் மறு முனையை ஈரமண்ணிலும் வைத்த பலகை மாதிரி, மண் பக்கம் கொஞ்சம் அமுங்கும், ஆடும். போகப் போகப் பழகிவிடும். படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் போட்டு வை. புகையிலையை அதன் ஓரத்தில் அடக்காதே.

இன்னொன்று. என்னைப் போன்ற லேப் ஆள் நேராக ஒருவர் வாயில் அளவு எடுக்கக் கூடாது, டாக்டர் பார்த்து எடுத்துக் கொடுத்துத்தான் நாங்கள் செய்ய வேண்டும். இது வெளியே தெரிந்தால் என் வேலைக்கு ஆபத்து. அதனால் இதை எந்தப் பல் டாக்டரிடமும் காட்டாதே. எதுவானாலும் எனக்கு எழுது.

மாதா உன்னைக் காக்கட்டும்.
தம்பி, இருதயநாதன்

*

சேசு மரி சூசை

ஆவூர்
24.6.2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது, மாத்திரையை விழுங்குகிறாயா அல்லது பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

செட்டு வந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். மெர்லின், "அத்த, பத்து வயசு கொறஞ்சிருச்சு ஒங்களுக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுப் போனேன். வழியில் பக்கத்து வீட்டு ராஜலட்சுமி டீச்சர், "என்ன அருளம்மா, சிரிச்சுக்கிட்டே வாரீங்க" என்றார். சிரிக்கவில்லை, வாயை மூட வரவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

பல் அரைக்கும் மிஷின் உன் காதைத் தின்றதிலிருந்து நமக்குக் கடிதம்தான் என்று ஆகிவிட்டது. உன் பட்டன் போனும் எந்நேரமும் அணைந்தே கிடக்கிறது. மெர்லின் தன் போனில் தட்டித் தருகிறேன் என்கிறாள். என் வாய்ச் சங்கதி அவள் கை வழியாகப் போக வேண்டாம், நானே எழுதுகிறேன்.

நேற்றுக் கடலை அவித்தோம். பிள்ளைகள் ஒரு குண்டான் தின்றுவிட்டார்கள். நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் உள்ளே லேசாக உரசுகிறது, வேறொன்றும் இல்லை. நீ செய்தது நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது.

உன் நினைவாக,
அருளம்மாள்

*

சேசு மரி சூசை

கோயம்புத்தூர்
3.7.2024

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே நலம். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன்.

உரசுவதைப் பற்றிக் கவலைப்படாதே. புதுச் செருப்பு கடிக்கிறதில்லையா, அதுபோலத்தான். மூன்று வேளை உப்புத் தண்ணீர் கொப்பளி. கடித்துத் தின்பதை இரண்டு பக்கமும் சமமாக மென்று தின்ன வேண்டும். ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும், தூக்கினால் கொக்கி பல்லை இழுக்கும். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

டீச்சர் கேட்டதைப் படித்து எனக்கு ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தது.

அன்புடன்,
இருதயநாதன்

*

சேசு மரி சூசை

ஆவூர்
11.8.2024

அன்புத் தம்பிக்கு, பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கடலை பிடுங்கல், ஆள் கிடைக்கவில்லை, நானும் மெர்லினும்தான் பிடுங்கினோம். எல்லாரும் சுகம்.

அந்தப் புண் இன்னும் இருக்கிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்துக் கொப்பளித்து வாயே கருவாடாகிவிட்டது. எச்சில் விழுங்கினால் அந்தப் பக்கத்துக் காதுக்குள் போய்க் குத்துகிறது. பரம்பரைக் காது, உன்னை முடித்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறது போலிருக்கிறது.

ராஜலட்சுமி டீச்சர் விடமாட்டேன் என்கிறார். "புதுக்கோட்டைக்குப் போயி ஒரு டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க. காலைல பஸ் ஏறுனா மத்தியானம் வந்துறலாம்" என்று தினமும் சொல்கிறார். போனால் இதைச் செய்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. இந்த வயதில் உன் வேலைக்கு என்னால் ஒன்று ஆகக் கூடாது. நீயே ஒரு வழி சொல்.

அருளம்மாள்

*

சேசு மரி சூசை

கோயம்புத்தூர்
19.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் இன்று காலையில் வந்தது, உடனே எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

புண் எந்த இடம்? நாக்குப் பக்கமா, கன்னத்துப் பக்கமா?

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று. பத்து நாள் செட்டைப் போடவே போடாதே. கழற்றி வைத்தால் புண் ஆறுகிறதா என்று பார். செட்டால் வந்த புண் என்றால் செட்டைக் கழற்றியதும் ஆறிவிடும், கட்டாயம் ஆறும். பிறகு நான் அந்த இடத்தை ராவித் தருவேன். கழற்றி வைத்தும் ஆறவில்லை என்றால் அது செட்டால் வந்தது இல்லை. அப்போது என்னிடம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். என் வேலை போனாலும் பரவாயில்லை.

இந்த ஒன்றுக்கு மட்டும் விளையாடாமல் பதில் எழுது.

இருதயநாதன்

*

சேசு மரி சூசை

ஆவூர்
6.9.2024

அன்புத் தம்பிக்கு, எல்லாரும் சுகம், மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்தது.

நீ சொன்னபடி கழற்றி வைத்துப் பார்த்தேன். ஆறுகிறது. ஒரு வாரத்திலேயே வலி போய்விட்டது. திரும்பப் போட்டால்தான் உரசுகிறது. இடம் இடது பக்கம், கன்னத்துப் பக்கம், கடைசிப் பல்லுக்கு முந்தினது நிற்கும் இடம். அங்கே லேசாக ராவினால் போதும்.

செட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவசரமே இல்லை, மற்றவர்கள் வேலையை முடித்துவிட்டுப் பார். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை, என் ஈறுதான் பொல்லாதது. ராத்திரி நன்றாகத் தூங்கு.

உன் அக்கா,
அருளம்மாள்

*

சேசு மரி சூசை

கோயம்புத்தூர்
20.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆறுகிறது என்று நீ எழுதிய வரியை மூன்று முறை படித்தேன்.

நீ சொன்ன இடத்தில் ராவி, பட்டுத் துணியால் தேய்த்து மெருகு போட்டு அனுப்பியிருக்கிறேன். கொக்கியைத் தளர்த்தவும் இல்லை, இறுக்கவும் இல்லை. அது பல்லைச் சுற்றிச் சும்மா நிற்க வேண்டும், கழற்றும்போது மட்டும்தான் பிடிக்க வேண்டும். உங்கள் ஊரில் யாராவது குறடு வைத்து இறுக்கித் தருகிறேன் என்றால் விடாதே, பல்லே ஆட்டம் கண்டுவிடும்.

செட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாய். வெற்றிலை போடுகிறவர்கள் செட்டு மூன்று மாதத்தில் காவி ஏறிச் செங்கல்லாகி வரும். உன்னுடையதில் ஒரு கறை இல்லை, அன்றைக்குச் செய்தது மாதிரியே இருக்கிறது. மெனக்கெட்டுத் தேய்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே பதில் போடு.

இருதயநாதன்

*

சேசு மரி சூசை

ஆவூர்
10.12.2024

தம்பிக்கு, உன் மூன்று கடிதங்களும் வந்தன. எழுத முடியவில்லை. சளி. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, அது வற்றினால் சரியாகிவிடும். செட்டு நன்றாக இருக்கிறது.

கிறிஸ்மஸுக்கு வர வேண்டாம். வீட்டில் வெள்ளையடிக்கிற வேலை இருக்கிறது, ஜனவரிக்கு மேல் வா. உடம்பைப் பார்த்துக்கொள்.

அருளம்மாள்

*

சேசு மரி சூசை

ஆவூர்
4.1.2025

அன்புள்ள மாமாவுக்கு மெர்லின் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். அத்தைக்குத் தெரியாமல் எழுதுகிறேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் காலையில் அத்தையின் தலையணையில் ரத்தமும் எச்சிலும் இருந்தன. கட்டாயப்படுத்திப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தார். பிறகு, "எத்தன மாசமா இந்தப் புண்ணு இருக்கு?" என்றார். அத்தை, "ரெண்டு மாசம் இருக்கும்ங்க" என்றார்கள். நான், "இல்லீங்க டாக்டர், ஜூன்லேருந்து இருக்கு" என்றேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

நான் டப்பாவோடு எடுத்துப்போயிருந்த பல் செட்டைப் பார்த்து, "இது யாரு செஞ்சு குடுத்தது?" என்றார். "சந்தைல வாங்குனேன்ங்க" என்றார்கள் அத்தை. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தான் என்று வந்துவிட்டது மாமா. தாடை எலும்பிலும் கழுத்திலும் இறங்கிவிட்டதாம், அறுத்து எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டதாம். தஞ்சாவூரில் கரண்ட், அதுதான் கதிர்வீச்சு, வைக்கப் போகிறார்கள். வலி குறையும், கொஞ்ச நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். கரண்ட் வைத்த பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாதாம், அதனால் கீழே இருக்கிற எட்டுப் பல்லையும் முதலிலேயே எடுத்துவிடுவார்கள்.

இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அத்தை ஜூலை மாதத்திலிருந்து அந்தச் செட்டைப் போட்டதே இல்லை. மாதா சுரூபத்துக்குப் பின்னால் டப்பாவிலேயே இருந்தது. "தம்பி கஷ்டப்பட்டுச் செஞ்சு குடுத்தத கழட்டிப் போட்டுட்டேன்னு எப்பிடிடி எழுதுறது" என்பார்கள். போடாமலே புண் வளர்ந்தது. நான் அப்போதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் மருமகள்,
மெர்லின்

*

சேசு மரி சூசை

கோயம்புத்தூர்
13.1.2025

அக்கா, மெர்லினைத் திட்டாதே. அவள் எழுதியதால் எனக்குத் தெரிந்தது.

ஏன் பொய் எழுதினாய்? நான் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஆறவில்லை என்று எழுதியிருந்தால் அன்று ராத்திரியே பஸ் ஏறியிருப்பேன். செப்டம்பரிலேயே அறுத்து எடுத்திருக்கலாம். நாலு நாளாக இந்தக் கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் கோபப்பட எனக்கு வாய் கிடையாது. நான் செய்ததையும் நீ கேட்டுக்கொள்.

அச்சு மாவில் காற்றுக்குமிழ் விழுந்தால், அதில் பிளாஸ்டர் ஊற்றும்போது அந்த இடத்தில் மணி மாதிரி ஒன்று புடைத்து நிற்கும். அதைக் கத்தியால் சீவிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். ஒரு நாளைக்கு எத்தனையோ சீவுகிறேன், யோசிப்பதுகூட இல்லை. உன் மாடலில் இடது பக்கம், கன்னத்துப் பக்கம், அரிசியளவில் ஒன்று இருந்தது. குமிழ் என்றால் உருண்டையாக இருக்கும். இது அகலமாக, அடி பரந்து இருந்தது. ஒரு நிமிஷம் கத்தி நின்றது அக்கா. திருவிழா அவசரத்தில் மாவு சரியாகக் கலக்கவில்லை என்று நினைத்துச் சீவிவிட்டேன். அது குமிழ் இல்லை. உன் ஈறில் அப்போதே இருந்தது. நான் சீவிச் சமப்படுத்திய மாடலில் செய்த செட்டு, சரியாக அந்த இடத்தில்தான் உன்னை அழுத்தியிருக்கிறது.

முப்பத்தொரு வருஷமாக நான் வாயைப் பார்த்ததில்லை, பிளாஸ்டரைத்தான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டர் எல்லாம் ஒரே வெள்ளை, அதில் சிவப்பும் தெரியாது, புண்ணும் தெரியாது. டாக்டர் ஒருவர் முதலில் பார்த்துவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும் என்று ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கன்னத்துப் பக்கம் என்று நீ செப்டம்பரில் எழுதினாய் அல்லவா, அப்போதே எனக்கு அந்த மணி ஞாபகம் வந்தது. ஆறுகிறது என்று நீ எழுதிய வரியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். செட்டில் கறை இல்லாததைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. வர விடவில்லை.

என்னை என்ன சொல்ல வேண்டுமோ சொல்.

இருதயநாதன்

*

சேசு மரி சூசை

ஆவூர்
2.3.2025

அன்புத் தம்பிக்கு, நீ சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்து ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். முதலில் கோபம்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன். செப்டம்பரில் நீ ஒரு வரி எழுதியிருந்தால் நான் டீச்சரோடு பஸ் ஏறியிருப்பேன் என்று படுத்துக்கொண்டே நினைப்பேன். பிறகு நான் எழுதிய பொய் ஞாபகம் வரும். உன்னைத் திட்ட ஆரம்பித்தால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு இப்போது தெம்பில்லை. புகையிலையை அந்தக் கன்னத்தில்தான் முப்பது வருஷம் அடக்கினேன், அதை உன் கத்தியா வைத்தது? விட்டுவிடு.

கரண்ட் முப்பது தடவை வைத்தார்கள், முடிந்துவிட்டது. பேச்சுப் போய்விட்டது. நீ செவிடு, நான் ஊமை. மெர்லினுக்கும் எழுதித்தான் காட்டுகிறேன், பாவம், அவள் அடுப்பில் வேலையாக இருக்கும்போது நோட்டைக் கொண்டுபோய் நீட்டுவேன். கஞ்சி குழாய் வழியாகப் போகிறது. இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம் என்று வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கீழே பல் முழுவதும் போனதும் உதடு உள்ளே மடிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ இருக்கிறார்கள். மெல்வின் என்னைப் பார்த்து நாலு வருஷமாகிறது. அவனுக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் இருக்கும்போதுதான் அவன் வந்து பார்ப்பான். அவன் பார்க்கிற முகம் என் முகமாக இருக்க வேண்டும்.

முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு பல் செய்து கொடு. கடிக்க வேண்டாம், மெல்ல வேண்டாம். அளவு எடுக்க வராதே, உள்ளே எதையும் வைக்க முடியாது. உன்னிடம் இருப்பதை வைத்துச் செய். இந்தத் தடவை எனக்கு வலிக்காது.

அருளம்மாள்

*

சேசு மரி சூசை

கோயம்புத்தூர்
11.3.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. உன் கடிதம் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். நேற்று முடிந்தது.

முன்பக்கத்து எட்டுப் பல் மட்டும் வைத்திருக்கிறேன். திருவிழாவில் எடுத்த அச்சின் பிளாஸ்டர் மாடல் என்னிடம் இருக்கிறது, அதில் உள்ள அதே வரிசை. இடது ஓரத்துப் பல் லேசாகக் கோணியிருக்கும் அல்லவா, அதையும் அப்படியே கோணலாக வைத்தேன். நேராக வைத்தால் மெல்வினுக்கு உன் முகம் தெரியாது. நிறத்தில் வெற்றிலைச் சாயல் கொஞ்சம் கலந்திருக்கிறேன். உதட்டுக்குப் பின்னால் வழக்கத்தைவிடக் கனமாக விட்டிருக்கிறேன், மடிந்த உதடு வெளியே வந்து நிற்கும். பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை, புண் இருக்கிற இடத்துக்கு அது போகாது.

கொக்கி வைக்கவில்லை. பிடிக்கப் பல்லும் இல்லை, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பேசினால், தின்றால், நாக்கு தள்ளினால்தான் செட்டு கிளம்பும். அதற்குத்தான் இத்தனை வருஷமும் கொக்கியும் கம்பியும் வளைத்தேன். அசையாத வாயில் அது வைத்த இடத்தில் இருக்கும்.

உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் உடல்களைக் குளிப்பாட்டிக் கட்டும் வீரய்யா என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். காது கேட்காததால் என் நோட்டில் எழுதிக் காட்டினார். மூச்சு நின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வாயில் வைத்துத் தாடையைத் துணியால் கட்டிவிட வேண்டுமாம். நேரமானால் தாடை விறைத்துவிடும், அதன்பின் திறக்காது. மெர்லினுக்கு அந்த நேரத்தில் கை வராது, அவளிடம் அதை விடக் கூடாது. நான்தான் வைக்க வேண்டும். இங்கிருந்து ஆவூருக்கு வந்து சேர ஏழு மணி நேரம் ஆகிறது.

அதனால் செய்தி வந்த பிறகு கிளம்பினால் சரிவராது. லேப்பில் சொல்லிக் கணக்கை முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே இருப்பேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய் போடச் சொல், நான் திரும்பிப் போவதாக இல்லை.

தம்பி,
இருதயநாதன்